அப்பத்தோடும் தண்ணீரோடும்

அம்மா பிறந்த ஊர் கடலாடிப் பக்கம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். குடிக்கிற தண்ணீர்தான் கூப்பிட்டாலும் வராது. கோடை விடுமுறைக்கு அங்கே போனால் விடியற்காலை நாலு மணிக்கே அம்மாச்சி எழுப்பிவிடுவார். மணலில் ஆள் ஆழத்துக்குத் தோண்டிய ஊற்று. ஒருவர் உள்ளே இறங்கி உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு தடவை மொண்டால் அடுத்தது ஊறும்வரை சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு அள்ளினால் கலங்கிவிடும். ஒரு குடம் நிறைவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். ஒவ்வொரு முறையும் கொட்டாங்கச்சியின் விளிம்பில் கடைசியாக ஒரு துளி தொங்கும். அதை உதறிவிடாமல் குடத்தின் வாயில் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அம்மாச்சி கையை எடுப்பார்.

அம்மாவின் வேதாகமத்தில், ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி உண்டு: "ஜாதிகள் ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோலவும், தராசிலே படியும் தூசிபோலவும் எண்ணப்படுகிறார்கள்." ஏற்றம் இறைத்து நான் பார்த்ததில்லை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் வருவது கொட்டாங்கச்சிதான். பிரசங்கத்தில் இந்த வசனம் வந்தால், தேவனுக்கு முன்னால் வல்லரசுகூட ஒரு சொட்டுத் தண்ணீர்தான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஏசாயா சொல்ல வந்ததும் அதுதான், மறுக்கவில்லை; இரண்டு வசனம் தள்ளி அதை உடைத்தே சொல்கிறார். ஆனாலும் ஒரு சொட்டு என்றால் ஒன்றுமில்லை என்று அவ்வளவு லேசாகச் சொல்கிறவர்கள் ஊற்றில் இறங்கியவர்களாக இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம். அப்பா தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கர். அம்மா சி.எஸ்.ஐ. என்கிற சீர்திருத்தச் சபைக்காரர். கல்யாணத்துக்காகக் கோயில் மாறினார், புத்தகம் மாறவில்லை. அம்மாவுடையது 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. அப்பா வீட்டில் 1995-இல் வந்த திருவிவிலியம். அம்மாவுக்குக் கர்த்தர், அப்பாவுக்கு ஆண்டவர். அம்மாவுக்கு உபாகமம், அப்பாவுக்கு இணைச்சட்டம். இதெல்லாம் எனக்கு இரண்டு பாட்டி வீட்டுக் குழம்பு மாதிரி பழகிவிட்டது. பழகாமல் இடறியது ஒரே ஒரு சொல். மக்களினத்தார், வேற்றினத்தார், நாடுகள் என்றெல்லாம் திருவிவிலியம் சொல்கிற இடத்தில் அம்மாவின் புத்தகம் 'ஜாதிகள்' என்று சொல்லும்.

யோவேல் புத்தகத்தில், "சுற்றிலுமுள்ள ஜாதிகளையெல்லாம் நியாயந்தீர்க்க நான் அங்கே வீற்றிருப்பேன்" என்று கர்த்தர் சொல்கிறார். பத்து வயதில் அதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்மாச்சி ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஓர் ஊற்று, தெருவுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வேறோர் ஊற்று. கர்த்தர் வந்து மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாருக்குத் தண்ணீர் விடவில்லை என்று ஒவ்வொரு ஜாதியாகக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அப்புறம் ஞாயிறு பள்ளியில் திருத்தினார்கள்: அது தேசம், ஜாதி இல்லை. திருத்தாமல் விட்டிருக்கலாம்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். அங்கிருந்து படகேறிக் குடும்பம் குடும்பமாகத் தனுஷ்கோடிக்கு வர ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையோடு மணல் தீடையில் இறக்கிவிடப்பட்டு, ஆள் வந்து மீட்கும்வரை தவித்தவர்களும் அதில் உண்டு. அந்த வாரம், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. செபமாலைக்கு முன்னால் ஓர் அண்ணன் சொன்னார்: "2009-ல அந்தச் சனத்தை அந்தப் பாடு படுத்துனாங்கல்ல? ஆண்டவர் இப்பக் கணக்குக் கேக்குறார். ஒரு தேசத்தை அவர் சும்மா விடமாட்டார்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். அப்பா மட்டும், பாயின் ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டே, "சரி, நம்ம கணக்கை எப்பக் கேப்பாரு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. செபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று இரவு ஆமோஸைத் திறந்தேன். தேசங்களைத் தேவன் விசாரிப்பது பற்றி வேதத்தில் பல இடங்கள் உண்டு, ஆனால் ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களைப்போல நெஞ்சில் கை வைக்கிற இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆமோஸ் ஒரு தீர்க்கதரிசி, தெக்கோவா ஊர்க்காரர். மந்தை மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கியவர். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. தெற்கே யூதாவிலிருந்து வடக்கே இஸ்ரவேலுக்குப் போய், பெத்தேலில் ராஜாவின் கோயிலிலேயே பேசியவர். அங்கிருந்த ஆசாரியன் அவரை 'உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்' என்று விரட்டியது ஏழாம் அதிகாரத்தில் வருகிறது.

அவர் பேசுகிற முறையைப் பாருங்கள். முதலில் தமஸ்கு. அப்புறம் காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். ஒவ்வொன்றுக்கும், "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று ஒரே பல்லவி. வடகிழக்கில் ஆரம்பித்து, தென்மேற்குக்குப் போய், கடற்கரையில் மேலே ஏறி, சாக்கடலுக்கு அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிலும் இருக்கிற எல்லாரும் இஸ்ரவேலின் எதிரிகள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எங்கள் அன்பியத்தைப்போலத் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து யூதா, அதுவும் பங்காளிதான், பரவாயில்லை. அதோடு நிற்கவில்லை.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வருவார்கள். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கம்பா கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே மெல்ல மெல்ல ஒருவரை நோக்கி ஒருவர் நகர்வார்கள். முதலில் வலை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. கடைசியில் மடி கரையேறும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஆமோஸைக் கேட்டவர்கள் தாங்கள் கயிறு இழுக்கிறவர்கள் என்று நினைத்தார்கள். மடி வந்தபோது உள்ளே துள்ளியது அவர்கள்தான்: நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்ற இஸ்ரவேல்.

அந்த அந்நிய தேசங்கள்மேல் வைத்த குற்றங்களை அன்றிரவு ஒரு தாளில் எழுதிப்பார்த்தேன். தமஸ்கு, கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்தது. காசா, சிறைப்பட்ட ஜனத்தை மொத்தமாக ஏதோமுக்குக் கைமாற்றியது. தீரு, "சகோதரரின் உடன்படிக்கையை நினையாமல்" அதே வேலையைச் செய்தது. ஏதோம், தன் சகோதரனைப் பட்டயத்தோடு துரத்தியது. அம்மோன், எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. ஆறு தேசத்தில் ஒன்றின்மேலும் விக்கிரக வழிபாடு என்ற குற்றச்சாட்டு இல்லை. அவர்கள் எல்லாரும் வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர்கள்தான், ஆமோஸுக்கு அது தெரியாமல் இல்லை. வேதத்தைத் தள்ளிவிட்டாய் என்று அவர் சொல்வது வேதம் கையில் இருந்த யூதாவைப் பார்த்து மட்டும்தான்.

அதிலும் மோவாப்பின் குற்றம் விநோதமானது. ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டுப்போட்டானாம். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைக் கேள்விப்பட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த 'நீறு' என்ற சொல்லில் புகை நாற்றமே வந்துவிடும். ஆனால் நான் நின்றது வேறு இடத்தில். செய்தவன் மோவாபியன், செத்துப்போனவன் ஏதோமியன். இஸ்ரவேலுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு அந்நியர்களுக்கு நடுவே ஒரு பிணத்துக்கு நேர்ந்த அவமானம். அதற்குக் கர்த்தர் கோபப்படுகிறார். அவரைத் தெரியாத தேசமும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் கேள்வி அவருடைய பெயரைப் பற்றியதாக இல்லை. என் தேசம் கிறிஸ்தவ தேசமாகட்டும் என்று ஆவேசமாகச் செபிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஆமோஸுக்கு அந்தச் செபம் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கோயில் நிறைந்து வழிந்த தேசத்தைப் பார்த்துத்தான் அவர் அவ்வளவு கத்தினார்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

வீட்டின் பின்கட்டில், முருங்கை மரத்தை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு தக்கை தொங்கும். வலையின் மேல்கயிற்றில் கோக்கிற சாதாரணத் தக்கைதான், வெயிலில் வெளுத்து மஞ்சளா வெள்ளையா என்று சொல்ல முடியாத நிறம். ஒரு பக்கம் ஆணியால் கீறி 'அந்தோனியார் துணை' என்று எழுதியிருக்கும். ணகரத்தின் சுழி மறந்துபோய் இரண்டே சுழி போட்டு, மேலே இன்னொன்றைச் சேர்த்திருப்பார்கள். கருக்குகளில் உப்பு ஏறியிருக்கும். சின்ன வயதில் அது நம்முடைய வலையில் இருந்து வந்தது என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அந்தோனியார் இல்லாத வீடு உண்டா?

அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். படகு அவருடையது இல்லை. இலங்கையில் சண்டை முடிந்த பிறகு, 2010-ஆ 2011-ஆ என்று அவருக்கே நினைவில்லை, ஒரு ராத்திரி மடி இழுத்துக்கொண்டு போகும்போது படகு கனத்தது. இன்னொருவருடைய வலை மடியில் சிக்கியிருந்தது. இருட்டில் அறுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அறுத்தார்கள். விடிந்து மடியைக் கவிழ்த்தால் இறாலோடும் காரலோடும் ஒரு கைப்பிடி நைலான் வலை, நாலைந்து தக்கை. ஒன்றில் இந்த எழுத்து. "எழுத்து தமிழ்னு பார்த்ததும் கை ஓடலம்மா" என்றார் அப்பா. எழுத்து தமிழாக இல்லாவிட்டால்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. சித்தப்பா அந்தப் பக்கச் சிறையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர். அடிபட்டவர்கள், படகைப் பறிகொடுத்துக் கடனில் மூழ்கியவர்கள், திரும்பி வராதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 1974-இலும் 1976-இலும் டெல்லியும் கொழும்பும் கோடு போட்டபோது எங்கள் கரையில் யாரையும் கேட்கவில்லை என்பதும் உண்மை. அதே மாதிரி இன்னொன்றும் உண்மை. சண்டை நடந்த காலத்தில் வடக்கு மாகாணத்து மீனவர்கள் சுதந்திரமாகக் கடலுக்குப் போக முடியவில்லை. அந்தக் கடலில் நாங்கள் மடி இழுத்தோம். 2009-க்குப் பிறகு அவர்கள் முகாமிலிருந்து திரும்பி, கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டபோது, அந்த வலைகளின்மேலும் இழுத்தோம். தரையைச் சுரண்டுகிற இழுவை மடியை 2017-இல் இலங்கை சட்டம் போட்டே தடை செய்தது. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்கள் சிங்களவர்கள் மட்டுமல்ல, நாங்கள் மேடையில் 'தொப்புள்கொடி உறவு' என்று சொல்கிற அதே தமிழர்கள்தான். சகோதரரின் உடன்படிக்கையை நினையாமல் என்ற தீருவின் குற்றம் இருக்கிறதே, அதை எங்கள் பங்குக் கோயிலில் சத்தமாக வாசிக்க எனக்குத் தைரியம் வராது.

இன்னொரு பழக்கமும் எங்கள் கரையில் உண்டு: பேரழிவைப் பார்த்தவுடன் யார்மேல் தீர்ப்பு என்று சொல்லிவிடுவது. தனுஷ்கோடியை வைத்து அப்படி ஒரு பிரசங்கத்தைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். தீரு பட்டணம் கடலின் நடுவே வலை விரிக்கிற இடமாகும் என்று எசேக்கியேல் 26-இல் வருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியும் அப்படித்தான் ஆயிற்று, பாருங்கள், இடிந்த கோயில் பக்கத்தில் வலை காய்கிறது என்றார் பிரசங்கியார். கேட்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. பிறகு வளர்ந்து யோசித்தால், கடலோடு போன அந்தப் பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்கள் தீருவின் வியாபாரிகளா? எசேக்கியேல் தீருவைக் குற்றம் சாட்டுவதற்குக் காரணம் சொல்கிறார்: எருசலேம் விழுந்ததைப் பார்த்து, இனி எனக்கு வரும்படி என்று அது மகிழ்ந்தது. காரணம் சொல்லாமல் அழிவை மட்டும் காட்டுவது தீர்க்கதரிசனம் ஆகாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டார்; இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இராமநாதபுரம் கரை ஏறக்குறையத் தப்பிவிட்டது. அப்போது எங்கள் பக்கம் நன்றி வழிபாடுகள் நடந்தன; நடக்க வேண்டியதுதான். ஆனால் நாங்கள் தப்பியதற்குக் காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். கிழக்கேயிருந்து வந்த அலைக்கு முன்னால் இலங்கை குறுக்கே கிடந்தது. முதல் அடியை அது வாங்கிக்கொண்டது. அங்கே செத்தவர்கள் 30,000-க்கு மேல். அந்தத் தீவைப் பார்த்து, கடவுள் கணக்குக் கேட்கிறார் என்று நாங்கள் சொன்னோம், 2022-இல், பாயில் உட்கார்ந்துகொண்டு.

தண்ணீர் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

உபாகமம் இரண்டாம் அதிகாரம். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேல் ஜனம் ஏதோமின் எல்லை வழியாகப் போக வேண்டும். வெற்றி உங்களுக்கே, பிடித்துக்கொள்ளுங்கள் என்று கர்த்தர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களோடு சண்டை போடாதீர்கள், அந்தத் தேசத்தில் ஓர் அடி நிலம்கூடத் தரமாட்டேன், அதை அவர்களின் மூதாதையான ஏசாவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். மோவாபுக்கும் அப்படியே, அம்மோனுக்கும் அப்படியே. சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள், தண்ணீரையும் காசு கொடுத்து வாங்கிக் குடியுங்கள். தள்ளுவண்டிக்காரரிடம் குடத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற எந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கும் இது மிகவும் சாதாரணமான வசனமாகத் தெரியும். எனக்கு அதில் பிடித்தது, கடவுளுடைய சொந்த ஜனம் என்பதற்காக அண்டை வீட்டுக் கிணறு இலவசமாகிவிடாது என்பது.

ஆனால் அதே புத்தகத்தின் 23-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய சபைக்குள் வர மோவாபுக்கும் அம்மோனுக்கும் பத்துத் தலைமுறைக்குக் கதவு அடைக்கப்படுகிறது. காரணங்கள் இரண்டு. இஸ்ரவேலுக்குச் சாபம் போட பிலேயாம் என்ற குறிசொல்லியைக் கூலிக்கு அமர்த்தியது ஒன்று. அதற்கு முன்னாலேயே சொல்லப்படுவது: எகிப்திலிருந்து வருகிற வழியில் அவர்கள் "அப்பத்தோடும் தண்ணீரோடும்" எதிர்கொண்டு வரவில்லை. முதலில் எனக்கு இது முரண்பாடாகத்தான் பட்டது, ஏனென்றால் மோவாபியர் விற்றார்கள் என்று இரண்டாம் அதிகாரமே சொல்கிறது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "வித்தாங்க. எதிர்கொண்டு வரலல்ல?" என்றார்.

அவ்வளவுதான். நான் எந்த விளக்கவுரையிலும் தேடியிருக்க வேண்டியதில்லை. தாகத்தோடு வருகிறவனுக்கு விற்பது ஒரு தேசத்துக்குக் குற்றமில்லை, ஆனால் அது போதாது. அவன் வந்து கேட்பதற்கு முன்னால் நீ எழுந்து நடந்தாயா என்பது கேள்வி.

பத்துத் தலைமுறை என்பது கொடூரமாகப் படுகிறதல்லவா? எனக்கும்தான். வேதத்துக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அதே வேதம் ரூத் என்ற மோவாபியப் பெண்ணைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது. பெத்லகேமில் வயலில் கதிர் பொறுக்க வந்தவளிடம் போவாஸ் சொல்கிற முதல் வார்த்தைகளில் ஒன்று: தாகம் எடுத்தால் குடங்களண்டை போய், வேலைக்காரர் மொண்டு வைத்ததில் குடி. மோவாப் தண்ணீர் கொண்டுவரவில்லை. மோவாபியப் பெண்ணுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. அதுவும் வேலைக்காரர்கள் குடிக்கிற அதே குடத்திலிருந்து, தனிக்குவளை இல்லாமல். அவள் தாவீது ராஜாவுக்குப் பூட்டியானாள். பெத்லகேமில் கிடைத்த அந்தத் தண்ணீர் எங்கள் ஊற்றங்கரையில் கிடைத்திருக்காது. எங்கள் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலேயே ஜாதிக்கு ஒரு வேலி இருக்கிறது.

ஏசாயா 16-இல் மோவாபிடம் ஒரு வேண்டுகோள் வருகிறது: துரத்தப்பட்டவர்களை மறைத்துக்கொள், ஓடிவருகிறவர்களைக் காட்டிக்கொடுக்காதே. ஒபதியா ஏதோமைப் பார்த்துச் சொல்வது இதன் மறுபக்கம்: தப்பியோடுகிறவர்களை மடக்கச் சந்தியில் நின்றாயே, எஞ்சியவர்களைக் காட்டிக்கொடுத்தாயே. அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. மோவாபும்தான் போடவில்லை, கேள்வி கேட்பதற்கு அது தடையாகவும் இல்லை. மண்டபம் முகாமில் 1983-க்குப் பிறகு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல பெயர். அங்கிருந்து வந்து என்னோடு படித்த தோழி, பெயர் மாறிய அன்று "முகாம்ல எடுக்குற வருகைப் பதிவு மாறுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சரி, எங்கள் கரையை ஒரேயடியாகத் திட்டிக்கொண்டே போகவும் மனமில்லை. 1983-க்குப் பிறகு நனைந்த துணியோடு கரையேறியவர்களுக்கு அரசாங்கம் வருவதற்கு முன்னால் கஞ்சி ஊற்றியவர்கள் இதே கரையில் உண்டு. இந்தக் கரையிலேயே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டை விடட்டும் என்று கடலுக்கு ஓய்வு. தடைக்காலத்தில் எல்லாரும் புலம்புவோம், நிவாரணத் தொகைக்கு அலைவோம். ஆனால் லேவியராகமத்தில் நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடு என்று வருவதையும், கொடுக்காததால் தேசம் பாழாய்க் கிடந்த 70 வருஷமும் நிலம் தன் ஓய்வை அனுபவித்தது என்று நாளாகமம் முடிவதையும் படித்தால், இந்த 61 நாள் எனக்குப் பிடித்துப்போகிறது. அதற்கு முழு வாசகம் தெரியாவிட்டாலும் ஒரு தேசம் பாதி வசனத்தைக் கடைப்பிடிக்கிறது.

எல்லைக் கோடு பற்றி ஒன்றே ஒன்று. பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது, சகல ஜனங்களையும் தேவன் ஒரே இரத்தத்திலிருந்து தோன்றப்பண்ணி, அவர்கள் குடியிருப்பின் எல்லைகளைக் குறித்தார் என்கிறார். அதை எடுத்துப் பேசுகிறவர்கள் அடுத்த வசனத்தை விட்டுவிடுகிறார்கள். எதற்காகக் குறித்தார்? அவர்கள் தம்மைத் தடவியாவது கண்டுபிடிக்கும்படி. எல்லையை அப்படி ஒரு நோக்கத்தோடு யாராவது பார்த்திருக்கிறார்களா? அப்பாவின் படகில் ஜி.பி.எஸ். கருவி எல்லை நெருங்கினால் கத்தும். அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவார்களாம்.

வெளிப்படுத்தலின் கடைசியிலும் ஜாதிகள் இருக்கிறார்கள், கரைந்துபோகவில்லை. ஜீவவிருட்சத்தின் இலைகள் அவர்கள் ஆரோக்கியமடைவதற்கு என்று இருக்கிறது. ஜீவத்தண்ணீரும் அங்கே இலவசம். அதற்குக் கொஞ்சம் முன்னால் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று வரும். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

2023 மார்ச்சில் கச்சத்தீவுத் திருவிழாவுக்கு அப்பாவோடு போனேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தார் திரளாகப் போன வருஷம் அது. இராமேசுவரம் துறைமுகத்தில் சோதனை. அப்பாவின் பையில் ஒரு வேட்டி, துண்டு, மாத்திரை, கூடவே அந்தத் தக்கை. சோதித்தவர் தக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போட்டார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

285 ஏக்கர்த் தீவு. முள்ளும் புதரும் மணலும். 2016-இல் கட்டிய புதிய அந்தோனியார் கோயில், பக்கத்தில் பழைய சின்னக் கோயில். சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு தேர். இரண்டு நாட்டுச் சாமியார்களும் சேர்ந்து பூசை வைத்தார்கள். தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, எல்லாம் கொண்டுபோவதுதான். மறுநாள் காலைப் பூசை முடிவதற்குள் எங்கள் கேன் காலி. வெயில் ஏறிவிட்டது. பக்கத்துத் தென்னங்கீற்றுப் பந்தலில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா வயதுக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து, போத்தலோடு எங்கள் பந்தலுக்கே வந்தார்.

"குடியுங்கோ."

அப்பா கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். பழக்கம்.

"காசோ? கோயிலுக்கு வந்த இடத்திலயோ?" என்றார் அவர். அப்பா குடித்தார், எனக்கும் கொடுத்தார். அப்புறம் பையிலிருந்து தக்கையை எடுத்து நீட்டினார். எங்கே கிடைத்தது என்று சொன்னார். சுற்றி வளைக்காமல், மடி இழுக்கும்போது, அறுத்தோம் என்று.

அவர் தக்கையை வாங்கி எழுத்தைப் பெருவிரலால் தடவினார். "எங்கட பக்கம் இல்லை. மன்னாராய் இருக்கும், பேசாலைப் பக்கம்" என்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "எத்தினை வலை போச்சுது தெரியுமே? போன மாசமும் போனது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் இந்தியப் படகுகள் புறப்படுகிற நேரத்தை அறிவித்தார்கள். அவர் தக்கையைத் தன் சாரத்தில் துடைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வலைக்கு ஆகும்" என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டு, காலிப் போத்தலை வாங்கிக்கொண்டு போனார்.